புற்றுக்குப் பால் ஊற்றுவதும் அறிவியல் பாடமும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஆடி மாதம் தொடங்கியதிலிருந்து உங்களில் பலர் பள்ளிக்கு வந்து என்னைப் பார்த்தீர்கள், சிலர் போனில் பேசினீர்கள். பெரும்பாலோர் கேட்டது, "பிள்ளைகளுக்குச் சாமி நம்பிக்கையே இல்லாமல் செய்துவிடுவீர்களா?" என்று. ஓரிருவர் நேர்மாறாகக் கேட்டீர்கள்: "புற்றுக்குப் பால் ஊற்றுவதெல்லாம் மூடநம்பிக்கை என்று வெளிப்படையாகச் சொல்ல ஏன் தயங்குகிறீர்கள்?" ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னதை எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன்.

எட்டாம் வகுப்பில் ஊர்வனவற்றைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஒரு மாணவி, "பாம்பு பால் குடிக்குமா மிஸ்?" என்று கேட்டிருக்கிறாள். பாம்பு இரை பிடித்து விழுங்கும் பிராணி, பாலைச் செரிக்கும் உடலமைப்பு அதற்கு இல்லை, தாகத்தில் தவிக்கும்போது எதை வைத்தாலும் குடிக்கும், பாம்பாட்டிகள் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்து பாலைக் காட்டுவது அதனால்தான் என்று ஆசிரியை விளக்கினார். புற்றைக் கட்டுவது கறையான் என்றும் சொன்னார். கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது என்ற பழமொழி நம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. அந்த வெள்ளிக்கிழமை அவள் வீட்டு ஆயா நாகாத்தம்மன் புற்றுக்குப் பாலும் முட்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பியபோது, "ஆயா, பாம்பு பால் குடிக்காதாம். நீ சும்மா கொண்டுபோய்க் கொட்டுற" என்று பிள்ளை சொல்லிவிட்டாள். ஆயா அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் காலை அவளுடைய அப்பா என் அறையில் உட்கார்ந்திருந்தார்.

ஆயாவின் மனம் நொந்ததில் எனக்கும் வருத்தம்தான். நானும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றிக் கும்பிடுகிறவள். ஆனாலும் ஆசிரியை சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட நான் திரும்பப் பெறச் சொல்ல மாட்டேன். இரண்டையும் சேர்த்து எப்படிச் சொல்ல முடியும் என்று அந்தத் தந்தை கேட்டார். இந்தக் கடிதமே அதற்கான பதில்தான்.

பாம்பு எதைத் தின்னும் என்பது பாம்பைப் பற்றிய கேள்வி. பாம்பைப் பார்த்துத்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஆயா பல வருடமாக அந்தப் புற்றின் முன்னால் நின்று கேட்பது வேறு: வயலுக்குப் போகும் மகனுக்கும், கொல்லைப் பக்கம் விளையாடும் பேரப் பிள்ளைகளுக்கும் ஒன்றும் ஆகக் கூடாது என்று. பாம்பின் வயிற்றில் பால் செரிக்கவில்லை என்பதால் அந்த வேண்டுதல் பொய்யாகிவிடாது. ஆயா வேண்டிக்கொள்கிறார் என்பதால் பாம்புக்குப் பால் செரிக்கவும் போவதில்லை. இந்த வேறுபாட்டைப் பதின்மூன்று வயதுப் பிள்ளை தானாகப் பிரித்துப் பார்க்காது. நாம்தான் பக்கத்தில் இருந்து சொல்லித்தர வேண்டும்.

இதை நம் மாவட்டத்திலேயே கண்ணால் பார்க்கலாம். வடநெம்மேலியில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முதலைப் பண்ணை வளாகத்துக்குள், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத் தோல் வியாபாரம் நின்று பிழைப்பில்லாமல் போன இருளர்களுக்காக 1978இல் தொடங்கப்பட்டது. துணியால் வாய் கட்டிய மண்பானைகள் அங்கே வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பாம்பு. கொக்கி போட்ட கம்பியால் கண்ணாடி விரியனை வெளியே எடுத்து, தலையைப் பிடித்து, சவ்வு கட்டிய கண்ணாடிக் குப்பியின் விளிம்பைக் கடிக்க விடுவார்கள். மஞ்சளாகச் சில துளிகள் இறங்கும், அவ்வளவுதான். சில வாரம் வைத்திருந்து நஞ்செடுத்த பிறகு, வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வைத்துப் பாம்பைக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அந்த அடையாளத்தைப் பார்த்து, ஒருமுறை நஞ்செடுத்த பாம்பு மறுபடி கையில் சிக்கினால் தெரிந்துகொள்ளலாம். அந்த நஞ்சைச் சிறு சிறு அளவாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்துத்தான் நச்சுமுறிவு மருந்து தயாராகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்து.

இருளர்கள் கன்னியம்மனைக் கும்பிடுகிறவர்கள். மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் கூடி, மணலிலேயே தங்கி வழிபடுகிறார்கள். அதே மனிதர்கள் வரப்பில் கிடக்கும் பாம்புச் சட்டையையும் எச்சத்தையும் மண்ணில் விழுந்த தடத்தையும் பார்த்து, அந்த வழியாகப் போனது எந்தப் பாம்பு, அது போய் எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்லிவிடுவார்கள். ஆதாரத்தை வைத்து முடிவுக்கு வருவது என்று நாங்கள் வகுப்பில் கரும்பலகையில் எழுதுவது இதைத்தான். பாம்பு பிடிப்பதில் வல்லவர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அம்மனைக் கும்பிட்டதால் அவர்கள் கவனம் குறையவில்லை, கவனமாகப் பார்த்ததால் பக்தியும் குறையவில்லை.

சரி, எல்லா இடத்திலும் இப்படி ஒத்துப்போகுமா என்றால், போகாது. இந்த இடத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகத்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாம்பு கடித்தால் மந்திரிக்க அழைத்துப் போகும் வழக்கம் நம் பக்கத்து ஊர்களில் இன்னும் இருக்கிறது. "மந்திரிச்சுப் பிழைச்சவங்களை நானே பார்த்திருக்கேன்" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை, பார்த்துத்தான் இருக்கிறார்கள். நம் நாட்டில் உள்ள பாம்புகளில் பெரும்பாலானவை நஞ்சில்லாதவை. நஞ்சுள்ள பாம்புகூடச் சில சமயம் நஞ்சை இறக்காமல் கடித்துவிட்டுப் போகும். அப்படிக் கடிபட்டவர் மந்திரிக்காமல் இருந்திருந்தாலும் பிழைத்திருப்பார். பிழைத்தவர் ஊர் முழுக்கச் சொல்கிறார், பிழைக்காதவர் வந்து சொல்ல முடியாது. இந்த ஒரு கணக்கைப் பிள்ளைகள் யோசிக்கக் கற்றுக்கொண்டால் போதும், இந்த வருட அறிவியல் பாடம் பலித்துவிட்டது என்று நினைப்பேன். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். வருடத்துக்கு ஏறத்தாழ 58,000 பேர். பெரும்பாலோர் கிராமத்து மக்கள். கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், வலியும் பெரிதாக இருக்காது, பல் பட்ட தடமும் சரியாகத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்பார்கள், கண் இமை சரியும், அப்புறம் மூச்சுத் திணறும். அந்த ராத்திரியில் மந்திரிக்கப் போன ஒரு மணி நேரம் உயிருக்கு உலை வைத்துவிடும். கடித்த இடத்துக்கு மேலே இறுக்கிக் கட்டுவதும், கீறி விடுவதும், வாயால் உறிஞ்சுவதும் கூடாது. கை காலை அசைக்காமல் வைத்து அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். போகிற வழியில் ஆயிரம் தெய்வத்தை வேண்டிக்கொள்ளுங்கள். வண்டி மட்டும் நிற்கக் கூடாது.

இதே விஷயத்தில் இன்னொரு தந்தை எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். புற்றில் ஊற்றும் பாலும் முட்டையும் பெண் பாம்பின் வாசனையை மறைத்து இனப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்துமாம், முன்னோர்கள் இதை அறிந்தே செய்தார்களாம். பல வருடமாகச் சுற்றும் செய்தி அது. யாரும் சோதித்துப் பார்த்ததாக அதில் ஒரு வரிகூட இல்லை. வீட்டு வழக்கத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற அக்கறையில் அனுப்பினார் என்பது புரிகிறது. ஆனால் ஆயாவின் பக்திக்கு இந்த முட்டுக்கொடுப்பு எதற்கு? நாளைக்கே பிள்ளை அது தவறு என்று கண்டுபிடித்தால், செய்தியோடு சேர்த்துப் பக்தியையும் தூக்கிப் போட்டுவிடும்.

ஜார்ஜ் லெமைத்ர் என்ற பெல்ஜியம் நாட்டுக் கத்தோலிக்கப் பாதிரியார் இதில் தெளிவாக இருந்தார். பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது என்று 1927இல் கணக்குப் போட்டுக் காட்டியவர் அவர்தான். பெருவெடிப்புக் கொள்கை அதிலிருந்து வளர்ந்தது. 1951இல் போப்பாண்டவர் அந்தக் கொள்கையைப் படைப்புக்குச் சான்று போலக் குறிப்பிட்டுப் பேசியபோது லெமைத்ருக்கு அது உவப்பாக இல்லை. தன் கணக்கு கணக்காகவே நிற்கட்டும், வேதத்துக்குச் சாட்சியாக அதைக் கூப்பிட வேண்டாம் என்பது அவர் நிலை. கடைசிவரை பாதிரியாராகவும் இருந்தார், விஞ்ஞானியாகவும் இருந்தார்.

இராமானுஜனைப் பற்றி உங்கள் பிள்ளைகள் பாடத்தில் படித்திருப்பார்கள். நாமக்கல் நாமகிரித் தாயார்தான் தனக்குச் சூத்திரங்களைத் தருகிறாள் என்று நம்பியவர். சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டியின் பெயரில் கடிதம் எழுதினார். ஹார்டி கடவுள் நம்பிக்கை இல்லாதவர். சூத்திரங்கள் எங்கிருந்து வந்தன என்று அவர் சண்டைபோடவில்லை. நிரூபணம் எங்கே என்றுதான் கேட்டார். இராமானுஜன் எழுதியதில் பிரமிக்கவைக்கும் உண்மைகள் இருந்தன. பகா எண்களைப் பற்றிச் சொன்னதில் தவறும் இருந்தது. பிறகு இருவரும் சேர்ந்து, ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டுத்தொகையாகப் பிரிக்கலாம் என்பதற்கு 1918இல் ஒரு சூத்திரம் வெளியிட்டார்கள். அதை அப்படியே நம்பச் சொல்லவில்லை. மக்மஹோன் என்ற கணித அறிஞர் 200 வரைக்கும் கையாலேயே கணக்கிட்டு வைத்திருந்த பட்டியலோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள். 200க்கு விடை 3972999029388. இவ்வளவு பெரிய எண்ணில் ஒரு இலக்கம்கூடப் பிசகவில்லை. தாயார் தந்தாள் என்று நம்பியவரும் அவளை நம்பாதவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே முறையில் சோதித்தார்கள். எங்கள் வகுப்பறையில் நாங்கள் கேட்பது அந்த மேசையைத்தான்.

கேள்வி கேட்டால் பக்தி போய்விடும் என்று பயப்படுகிற பெற்றோருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிவபெருமானே எழுதித் தந்த பாட்டென்றாலும் பொருட்குற்றம் உண்டு என்று எதிரில் நின்று சொன்ன நக்கீரரைத் திருவிளையாடல் கதை விரட்டிவிடவில்லை, கடைசியில் அருள்தான் செய்கிறது. இறந்தவரை எப்படி உயிர்ப்பிப்பாய் என்று எனக்குக் காட்டு, என் மனம் அமைதியடையட்டும் என்று இப்ராஹீம் நபி இறைவனிடமே கேட்டதாகக் குர்ஆன் சொல்கிறது. உயிர்த்தெழுந்த இயேசுவின் காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்ற சீடர் தோமையாரின் பெயரால்தான் பரங்கிமலை புனித தோமையார் மலை என்று அழைக்கப்படுகிறது. நம் பள்ளியில் இந்த மூன்று வழியில் வந்த பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். கேள்வி கேட்டவரை இந்த மூன்று வழியுமே வெளியே தள்ளவில்லை.

வெளிப்படையாகக் கண்டிக்கச் சொன்ன பெற்றோருக்கு: உங்கள் அக்கறையும் நியாயமானது. மந்திரித்ததால் போன உயிர்களை நினைத்துத்தான் அப்படிக் கேட்கிறீர்கள். ஆனால் அரசியலமைப்பின் 51அ பிரிவு அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பதைக் கடமை என்கிறது. அதே அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு அவரவர் மனச்சான்றுப்படி வழிபடும் உரிமையையும் தருகிறது. இரண்டும் எங்களைக் கட்டுப்படுத்தும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஏளனம் செய்யக் கற்றுக்கொண்ட பிள்ளை யோசிக்கக் கற்றுக்கொண்டதாக ஆகாது. யார் சொன்னதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். சாமி கும்பிடாத வீட்டுப் பிள்ளையும் தனக்குப் பிடித்த தலைவர் சொன்னதை, தனக்கு வந்த வீடியோவை, அதே கேள்விகளோடு பார்க்க வேண்டும்.

பத்தாம் வகுப்பில் பரிணாமம் வரும். உயிர்கள் எப்படித் தோன்றின என்று வீட்டில் சொன்ன கதைக்கும் பாடத்துக்கும் சில வீடுகளில் உரசும். மழுப்பாமல் முன்கூட்டியே சொல்கிறேன்: பாடம் முழுமையாக நடத்தப்படும், அதற்கான சான்றுகளோடு நடத்தப்படும். அதை எப்படித் தன் நம்பிக்கையோடு பொருத்திக்கொள்வது என்பது பிள்ளையும் நீங்களும் வீட்டில் பேச வேண்டியது. ஆசிரியர் யாரும் அதில் தலையிட மாட்டார்கள். எந்த மதத்தைப் பற்றியும் வகுப்பில் கேலியாக யாராவது பேசினால், அது மாணவரோ ஆசிரியரோ, என்னிடம் வந்து சொல்லுங்கள்.

வீட்டில் பிள்ளை ஏதாவது கேட்டால், தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். "எதிர்த்துப் பேசாதே" என்ற ஒரு பதிலை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சொல்லும் விதத்தில் மரியாதை வேண்டும் என்று கண்டியுங்கள், அதை நாங்களும் செய்கிறோம். அந்த மாணவியிடம் பேசினேன். "பால் குடிக்குமா குடிக்காதா என்று மிஸ்ஸிடம் கேட்டாய், நல்லது. எதற்காக ஊற்றுகிறாய் என்று ஆயாவிடம் கேட்டாயா?" என்றேன். கேட்கவில்லை என்றாள். அதைக் கேட்டு எழுதி வரச் சொல்லியிருக்கிறேன். தமிழ் ஆசிரியர் அதைக் கட்டுரைப் பயிற்சியாக எடுத்துக்கொள்வார்.

எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வடநெம்மேலிக்கு அழைத்துப் போக ஏற்பாடு செய்கிறோம். ஒப்புதல் படிவம் இதோடு இணைத்திருக்கிறோம், கையெழுத்திட்டு வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். வீட்டுப் பெரியவர்கள் யாரும் கூட வர விரும்பினால் படிவத்திலேயே குறிப்பிடுங்கள், பேருந்தில் இடம் இருக்கும். பாம்புக் கடி முதலுதவி பற்றி ஒரு பக்கக் குறிப்பும் வைத்திருக்கிறோம். 108 எண்ணோடு, உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள அரசு மருத்துவமனையின் பெயரையும் அதில் எழுதி, எல்லோர் கண்ணிலும் படும்படி கதவுக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்