ஆரத்தி எடுத்த கம்பளம்

கொழிஞ்சாம்பாறை
தை 9

அன்புள்ள கமலத்துக்கு,

உன் கடிதம் நேற்றுதான் வந்தது. பேரன் காபி டம்ளரைத் தட்டிவிட்டதையும் உன் மருமகள் முகம் போன போக்கையும் படித்துச் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடே வாங்கிய பவானியில் இருந்துகொண்டு, விரிப்பில் பட்ட கறைக்கு என்னிடம் வழி கேட்கிறாயே! இருந்தாலும் சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். நான் கெடுத்துக் கற்றுக்கொண்டவள்.

போன வருஷப் பொங்கலன்று நடந்ததை வெட்கப்பட்டுக்கொண்டு உனக்கு எழுதவில்லை. பெரியவன் துபாயிலிருந்து சுமந்து வந்த கம்பளி விரிப்பு, ஆறடிக்கு நாலடி, பாலாடை நிறம். அதன் நட்டநடுவில் ஒரு கிண்ணம் சாம்பார் கவிழ்ந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? துணி சோப்பைப் போட்டு, பிரஷை எடுத்து, பாவாடைக் கரையைத் தேய்க்கிற மாதிரி தேய்த்தேன். மஞ்சளாக இருந்த கறை கண்ணெதிரே ரத்தச் சிவப்பாகிவிட்டது. "அத்தை, கையை வெட்டிக்கிட்டீங்களா?" என்று மருமகள் ஓடிவந்தாள்.

அப்புறம்தான் உறைத்தது. ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைப் போட்டால் சிவக்கிறதல்லவா? அதேதான். சோப்பிலும் சுண்ணாம்பைப் போலக் காரம் இருக்கிறது. கம்பளத்துக்கு நானே ஆரத்தி எடுத்துவிட்டேன்! வினிகரில் தண்ணீர் கலந்து ஒற்றியதும் சிவப்பு போய்ப் பழைய மஞ்சள் திரும்பியது. (இங்கே பாலக்காட்டுப் பக்கம் கடையில் மலையாளத்தில் விநாகிரி என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள்.) மிச்ச மஞ்சளை வெயில் பார்த்துக்கொண்டது. மஞ்சள் நிறத்துக்கு வெயில் ஆகாது. காலை வெயிலில் நாலைந்து நாள் காட்டினேன், வெளுத்துவிட்டது. ஆனால் நான் தேய்த்த இடத்தில் கம்பளி சிலும்பி, ஆட்டுக்குட்டி நனைந்த மாதிரி நிற்கிறது. அது இன்னும் சரியாகவில்லை. டீப்பாயை அதன் மேல் நகர்த்தி வைத்திருக்கிறேன்.

சரி, உன் காபிக்கு வருகிறேன். முதலில் அது கம்பளிதானா என்று பார். ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீயில் காட்டு. முடி பொசுங்குகிற நாற்றம் வந்தால் கம்பளி. காகிதம் எரிகிற வாசனை என்றால் பருத்தி. உருகி உருண்டையாகத் திரண்டால் செயற்கை நூல், கவலையே இல்லை. கம்பளி என்றால் சலவைத்தூள், வாஷிங் சோடா, பிளீச் எதையும் பக்கத்தில் கொண்டுபோகாதே. கம்பளியும் நம் தலைமுடி மாதிரி புரதம்தான், காரம் அதை அரித்துவிடும். பிளீச் என்றால் கரைத்தே விடும்.

பால் விட்ட காபி என்பதால் சுடுதண்ணீர் வேண்டாம், கறை இறுகிப் பிடித்துக்கொள்ளும். இதற்குள் காய்ந்திருக்கும். பச்சைத் தண்ணீரில் வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து ஒற்று. வெளி ஓரத்தில் தொடங்கி உள்ளே போ, இல்லாவிட்டால் கறை பரந்துவிடும். பிறகு ஒரு செம்புத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் கால் ஸ்பூன், அவ்வளவுதான். அதையும் ஒற்றத்தான் வேண்டும், தேய்க்கக் கூடாது. அடுத்து ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர். கடைசியில் வெறும் தண்ணீர். எதையும் முதலில் பின்பக்க மூலையில் வைத்துப் பார், துணியில் சாயம் ஒட்டினால் நிறுத்திவிடு.

முக்கியமானதை விட்டுவிட்டேனே. சுத்தமாகிவிட்டது என்று நினைத்துப் போய்ப் படுப்பாய், காலையில் அதே கறை அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும். அடியில் நின்ற ஈரம், திரியில் எண்ணெய் ஏறுவது போல, காயும்போது கறையையும் மேலே ஏற்றிவிடும். அதனால் மடித்த துண்டை மேலே போட்டு, அம்மிக்குழவியையோ வேறு கனமான எதையோ தூக்கி வைத்துவிடு. கறை துண்டில் ஏறட்டும்.

சின்னவன் மட்டும் அன்றைக்கே, "ஆற்றில் போட்டு அலசிடலாம்மா" என்றான். எங்கள் சோகநாசினி ஆறு சோகத்தைத்தான் நாசம் செய்வாள், கறையை அல்ல என்று சொல்லி அடக்கினேன். ஊறிய கம்பளம் என்ன கனம் கனக்கும்! காலேஜ் நாளில் அந்தப் படித்துறையில் நாம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறதா?

இங்கே இப்போது கிழக்குக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் திறந்து கிடக்கிறது, பொள்ளாச்சிப் புழுதி முழுவதும் என் கூடத்துக்குத்தான் வருகிறது. கறையைவிட விரிப்பைக் கொல்வது இந்த மணல்தான். அடியில் இறங்கி, மிதிக்க மிதிக்க நூலை அறுக்கும். வாரம் ஒரு நாள் மதில்மேல் கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டுகிறேன். வாசலில் ஆலப்புழைக் கயிற்று மிதியடி இரண்டு போட்டிருக்கிறேன். மலையாளத்தில் அதற்குச் சவிட்டி என்று பெயர், நம் காதுக்கு ஏதோ வசவு மாதிரி கேட்கும்.

சோபாவுக்கு அடியில் போகிற பகுதியையும் அவ்வப்போது புரட்டிப் பார். கம்பளியைத் தின்கிற பூச்சி இருட்டில்தான் குடியிருக்கும். ஆறு மாதத்துக்கொரு முறை தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போட்டால் தேய்மானமும் ஒரே பக்கம் விழாது. மழைக்காலத்தில் சுருட்டி வைத்தால் பழைய வேட்டியில் சுற்று, பிளாஸ்டிக் உறை வேண்டாம். போன ஆனியில் அந்த உறையில் வைத்துத்தான் எங்கள் சணல் விரிப்பு பூசணம் பூத்தது. அதை நான் தண்ணீர் விட்டுக் கழுவப்போய்ப் பழுப்பேறி, இப்போது மாட்டுக்கொட்டகையில் கிடக்கிறது.

மாசியில் பெரியவன் வருகிறான். டீப்பாயை நகர்த்தாமல் இருக்க வேண்டும். நீ வரும்போது எனக்கு ஒரு ஜமக்காளம், சிவப்பும் பச்சையும் பட்டை போட்டது, வாங்கி வா. சாம்பார் பட்டாலும் தெரியாத நிறமாகப் பார்.

உன்,
சரசு