பழனிச்சாமிக்கு, வெயிலைப் பற்றி

அன்புள்ள பழனிச்சாமிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மருமகளுக்குப் பிரசவம் நல்லபடியாக முடிந்து பேத்தி பிறந்திருக்கிறாள் என்ற பக்கத்தை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். மற்ற நாலு பக்கத்தை நான் மட்டும் படித்தேன். இங்கே நாங்கள் சௌக்கியம். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மயிலைப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. கொறங்காட்டில் கொழுக்கட்டைப்புல் இந்தத் தடவை பரவாயில்லை. முள்கிளுவை வேலியில் இரண்டு இடத்தில் சந்து விழுந்திருக்கிறது, அடைக்க ஆள்தான் கிடைக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். தாராபுரம் மண்டபத்தில் பந்தி முடிந்ததும் நீயும் என் மச்சானும் ஆரம்பித்த வழக்கை மேளச்சத்தத்தில் என்னால் முழுசாகக் கேட்க முடியவில்லை. மச்சானின் பனியன் கம்பெனிக்கு, சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர் ஒரு ஃபாரம் அனுப்பியிருக்கிறான். கரண்ட் எத்தனை யூனிட், பாய்லருக்கு விறகு எத்தனை டன், மொத்தம் கார்பன் எவ்வளவு என்று கேட்கிறான். “பீஸுக்கு ஒரு ரூவா ஏத்திக் கேட்டா முடியாதுங்கறான், பொகைக்கு மட்டும் கணக்குக் கேக்கறான்” என்று மச்சான் பொங்கினான். அவன் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீ அங்கிருந்து ஒரே தாவாகத் தாவி, பூமி சூடாவதே கட்டுக்கதை, அப்படியே சூடானாலும் மனுசனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று முடித்துவிட்டாய். கடிதத்திலும் அதையே எழுதியிருக்கிறாய். உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பௌதிகம் படித்தவன் என்ற உரிமையில் பதில் எழுதுகிறேன்.

தாது வருஷப் பஞ்சத்தைப் பெரிய துருப்பாக இறக்கியிருக்கிறாய். “அன்னிக்கு என்ன காரா ஓடுச்சு, கரண்டா இருந்துச்சு?” சரி. 1876இல் தொடங்கி மழை பொய்த்ததை மோசமாக்கியது அடுத்த வருஷம் வந்த பெரிய எல் நினோ, அதாவது பசிபிக் கடலின் மேல்நீர் வழக்கத்தைவிடச் சூடாவது. அந்தத் துப்புத் துலங்குவதற்கே ரொம்ப காலம் பிடித்தது. 1904இல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக வந்த கில்பர்ட் வாக்கர் கணக்கு வாத்தியார். நம் பருவமழையைப் பிடித்துக்கொண்டு போய், இந்துமாக் கடலிலும் பசிபிக்கிலும் காற்றழுத்தம் ஒன்று ஏறினால் மற்றது இறங்குவதைக் கண்டார்; எல் நினோவோடு சேர்ந்து வருவது இந்த ஊசலாட்டம்தான். இயற்கையாகவே வறட்சி வரும் என்பதில் எந்த விஞ்ஞானிக்கும் தகராறு இல்லை. பனியுகங்கள் வந்ததும் போனதும் இயற்கைதான். ஆனால் மின்னல் விழுந்து தீப்பிடித்த ஊரில், அடுத்து வரும் தீயை எவனும் வைத்திருக்க முடியாது என்று வாதாடினால் எந்த கோர்ட்டும் கேட்காது. இன்னொன்று, தாது வருஷத்தில் நம் ஜனம் செத்து விழுந்தபோது தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. வறட்சியை வானம் கொடுத்தது, சாவைக் கொடுத்தவர்கள் துரைமார்கள். இதை மனசில் வைத்துக்கொள், பின்னால் வேண்டியிருக்கும்.

அடுத்தது சூரியன். சூரியன்தான் கூடுதலாகக் காய்கிறது என்கிறாய். இதற்குச் சாட்சி கேட்க வெளிநாடு போக வேண்டாம். பழனி மலைக்கு மேலே கொடைக்கானலில் 1899இல் ஆரம்பித்த சூரிய ஆய்வகம் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேலாக அங்கே சூரியப் புள்ளிகளைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். புள்ளிகள் கூடினால் சூரியன் கொஞ்சம் கூடுதலாகக் காய்கிறது என்று அர்த்தம். அவை ஏறி இறங்குவது சுமார் 11 வருஷச் சுற்று. 2008 கடைசியில் தொடங்கி 2019இல் முடிந்த சுற்று, நூறு வருஷத்தில் ரொம்பச் சோம்பலான சுற்று. அந்தப் பத்து வருஷத்தில் பூமி குளிர்ந்திருக்க வேண்டுமல்லவா? சூடுதான் ஏறியது.

இதைவிட எனக்குப் பிடித்த சாட்சி இன்னொன்று உண்டு. சூரியனால் சூடானால் காற்றுமண்டலம் கீழிருந்து மேல்வரைக்கும் சூடாக வேண்டும். கரியமில வாயு அடித்தட்டில் வெப்பத்தைப் பிடித்து வைத்தால் கீழ்த்தட்டு சூடாகும், மேல்தட்டு குளிரும். இதை 1967லேயே மனாபே என்ற ஜப்பானியர், கூட்டாளியோடு சேர்ந்து கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். அப்போது மேலே என்ன நடக்கிறது என்று சரியாக அளக்கக்கூட முடியாது. பிற்பாடு பலூனும் செயற்கைக்கோளும் அளந்தபோது அவர் சொன்னபடியே மேல்தட்டு குளிர்ந்திருந்தது. 2021இல் அவருக்குப் பௌதிகத்துக்கான நோபல் பரிசில் பங்கு கொடுத்தார்கள். நடப்பதற்கு முன்னாலேயே சொல்லி, பிறகு அது நடந்தால், அதைச் சதி என்று எப்படிச் சொல்வது?

கரியமில வாயு வெப்பத்தைப் பிடிக்குமா என்று கேட்டிருந்தாய். நீ காட்டுக்காரன் மகன், இதைக் கேட்கலாமா? மார்கழியில் வானம் வெறிச்சென்று இருந்த ராத்திரி பனி கொட்டும். மூட்டம் போட்ட ராத்திரி அவ்வளவு குளிராது. பகலில் மண் வாங்கிய சூடு மேலே போகாமல் மேகமும் ஈரக்காற்றும் திருப்பி அனுப்புவதுதான் காரணம். கரியமில வாயுவுக்கும் அதே குணம். ஐரிஷ்காரர் டிண்டல் 1859இல் சோதனைச்சாலையில் நிரூபித்தார். 1896இல் ஸ்வீடன் நாட்டு அர்ரேனியஸ் இந்த வாயு இரட்டிப்பானால் எத்தனை டிகிரி ஏறும் என்று பேப்பரில் பென்சிலால் கணக்குப் போட்டார். இதில் காங்கிரஸ், பா.ஜ.க., இடது, வலது என்ற கட்சிப் பேச்சுக்கே இடமில்லை.

அந்த வாயு எங்கேயிருந்து வந்தது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஹவாய்த் தீவில் எரிமலை மேல் உட்கார்ந்து கீலிங் என்பவர் 1958இல் அளக்க ஆரம்பித்தபோது காற்றில் பத்து லட்சத்துக்கு 315 பங்கு இருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. தென்துருவப் பனிக்குள் அகப்பட்ட பழைய காற்றுக்குமிழிகளைப் பார்த்தால், எட்டு லட்சம் வருஷத்தில் அது 300ஐத் தாண்டியதாகத் தெரியவில்லை. எரிமலை கக்குகிறது என்பாய்; மனுசன் விடுவதில் அது நூறில் ஒரு பங்கு தேறினால் அதிகம். நிலக்கரியும் பெட்ரோலும் கோடிக்கணக்கான வருஷம் பூமிக்குள் கிடந்தவை, அவற்றில் கதிரியக்கக் கார்பன் தீர்ந்துபோயிருக்கும். அவற்றை எரிக்க எரிக்கக் காற்றிலும் அந்தக் கார்பனின் விகிதம் குறைய வேண்டும். குறைவதை 1950களிலேயே பார்த்துவிட்டார்கள்.

இமயமலைப் பனியாறுகள் 2035க்குள் காணாமல் போகும் என்று எழுதினார்களே, அது பொய்த்ததே என்கிறாய். வாஸ்தவம். ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2007 அறிக்கையில் அந்த வரி வந்தது தப்பு. 2009இல் நம் ஆள் வி.கே. ரெய்னா, நிலவியல் துறையில் இருந்தவர், மாற்றிச் சொன்னபோது குழுத்தலைவர் பச்சௌரி அதை மந்திரவாத விஞ்ஞானம் என்று எள்ளி நகையாடினார். அது எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாகத்தான் இருக்கிறது. பெரிய பதவியில் இருப்பவன் அப்படிப் பேசலாமா? 2010 ஜனவரியில் குழுவே தவறை ஒப்புக்கொண்டது. ஆனால் பழனிச்சாமி, பல நூறு பக்க அறிக்கையில் ஒரு வரி தப்பானதால் பனி உருகாமல் நின்றுவிடாது. பெரும்பாலான பனியாறுகள் இளைத்துக்கொண்டுதான் இருக்கின்றன, 2035 கெடுவுக்கு இல்லை என்பதுதான் திருத்தம். இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் பருவநிலை விஞ்ஞானிகளிடமிருந்து திருடி வெளியிட்ட மின்னஞ்சல்கள் பற்றியும் எழுதியிருந்தாய். விசாரணைக் குழுக்கள் பல உட்கார்ந்து, விவரங்களை மூடி மறைத்துப் பேசியதைக் கண்டித்தன. எண்களைத் திரித்ததாக எதுவும் கிடைக்கவில்லை.

வெப்பமானிகள் எல்லாம் ஊர் நடுவே, காங்கிரீட்டுக்குள் இருக்கின்றன என்ற உன் வாதம்தான் எனக்கு மதிப்பாகத் தோன்றியது. அவினாசி ரோட்டில் மரங்கள் போனபின் கோயம்புத்தூர் எப்படிக் காய்கிறது என்று பார்த்தவர்கள்தானே நாம். இதே சந்தேகம் அமெரிக்காவில் ரிச்சர்ட் முல்லர் என்ற பௌதிகப் பேராசிரியருக்கும் வந்தது. அவர் உன்னை மாதிரி மண்டபத்தில் பேசிவிட்டுப் போகாமல், உலகம் பூராவும் உள்ள வெப்பக் கணக்கைப் புதிதாக எடுத்துப் போட்டார். பணம் கொடுத்தவர்களில் எண்ணெய் வியாபாரக் குடும்பத்தின் அறக்கட்டளையும் ஒன்று. 2012இல் அவர் சொன்னது: ஏற்றம் நிஜம், ஏறக்குறைய முழுக்க மனுசனால் வந்தது. சந்தேகப்பட்டால் இப்படிச் சந்தேகப்பட வேண்டும். அந்த மனுசனுக்கு ஒரு கும்பிடு.

இனி “வெள்ளைக்காரன் சூழ்ச்சி” என்பது. இதில் பாதிக்கு நான் உன் கட்சி. நம் நாட்டில் ஆளுக்கு வருஷத்துக்குச் சுமார் 2 டன் கரியமில வாயு. அமெரிக்கனுக்கு 14 டன்னுக்கு மேல். 1991இலேயே டில்லியில் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் இதை உரக்கச் சொன்னார்கள்: நெல்வயலிலிருந்தும் மாட்டிலிருந்தும் வரும் வாயுவையும், பணக்கார நாட்டுக் கார்ப்புகையையும் ஒரே தராசில் நிறுத்தாதே, ஒன்று பிழைப்பு, மற்றது சொகுசு என்று. என் மயிலைப் பசு விடும் ஏப்பத்துக்குக் கணக்குக் கேட்க வருபவனை நானும் வேலிக்கு வெளியேதான் நிறுத்துவேன். கவனி, அவர்கள் இருவரும் பூமி சூடாகவில்லை என்று சொல்லவில்லை. சூடாக்கியது யார், செலவு யார் தலையில் என்றுதான் கேட்டார்கள். மச்சானும் அந்த ஃபாரத்தைத் திருப்பி அனுப்பும்போது கேட்க வேண்டிய கேள்வி அதுதான். குற்றம் நடக்கவே இல்லை என்று நீ சொல்லிவிட்டால் அப்புறம் யாரிடம் நஷ்டஈடு கேட்பது? கேஸே போயிற்று.

ஒரு வேடிக்கை தெரியுமா? அமெரிக்காவின் பெரிய எண்ணெய்க் கம்பெனி எக்ஸான். அதன் சொந்த விஞ்ஞானிகளே 1970களின் கடைசியிலும் 80களிலும் பூமி எவ்வளவு சூடாகும் என்று கணித்தார்கள். பெரும்பாலும் சரியாகவே வந்திருக்கிறது. கம்பெனி மட்டும் வெளியே பல வருஷம் “இன்னும் நிச்சயமில்லை” என்றே பாடியது. ஆகவே உன் சந்தேகம் இருக்கிறதே, அதுவும் இறக்குமதிச் சரக்குதான்.

உன்னை மட்டும் திட்டினால் நியாயமில்லை. எதிர்க்கட்சி ஆட்களும் என்னை எரிச்சல்படுத்துகிறார்கள். பக்கத்துத் தோட்டத்துப் பையன் படித்தவன்தான், எதைக் கேட்டாலும் “கிளைமேட் சேஞ்சுங்க மாமா” என்கிறான். தென்னையில் வெள்ளை ஈயா, அதுவும் அதனால்தான். அந்த ஈ மத்திய அமெரிக்காப் பக்கத்துப் பூச்சி, 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் வந்து இறங்கியது. வாடல் நோய் கேரளாவில் நூறு வருஷத்துக்கு மேலாக இருப்பது. நொய்யல் நாறியதற்கு எந்தப் பருவநிலை காரணம்? சாயத்தண்ணீரை ஆற்றில் விட்டோம், ஒரத்துப்பாளையம் அணை சாயக்குட்டையானது, 2011இல் ஐகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் வரைக்கும் கண்டுகொள்ளவில்லை. 2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதம் குறைந்து, காங்கயம் சுற்றிலும் தென்னை மரங்கள் தலை சாய்ந்தன. அந்த ஒரு வருஷத்தைப் பிடித்துக்கொண்டு இது பூமி சூடானதால்தான் என்று அடித்துச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆயிரம் அடி, ஆயிரத்து இருநூறு அடி என்று ஓட்டை போட்டு அடிநீரைத் துடைத்து வைத்தோமே, அது எந்த வெள்ளைக்காரன் செய்தது, எந்த எல் நினோ செய்தது? தாது வருஷத்தைப் பற்றிச் சொன்னேனே, அதேதான். வானம் ஒரு பங்கு, மனுசன் ஒரு பங்கு. எல்லாவற்றையும் வானத்தின் மேல் போடுவது உன் வழி. எல்லாவற்றையும் உலகச்சூட்டின் மேல் போட்டுவிட்டு ஊர்க்குற்றத்தைக் கைகழுவுவது அந்தப் பையன் வழி. ஆற்றைக் கெடுத்து அடிநீரை உறிஞ்சியவனுக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் வக்காலத்து வாங்குகிறீர்கள்.

நம் நாட்டில் ஏற்றம் கொஞ்சம் மட்டுப்பட்டே தெரிகிறது: மத்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் போட்ட அறிக்கைப்படி 1901 முதல் 2018 வரை சுமார் 0.7 டிகிரி. உலகச் சராசரி இதைவிட அதிகம். புகையும் தூசும் வெயிலைக் கொஞ்சம் மறைப்பதும், பாசன ஈரமும் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. புகையை நம்பி நிழலில் இருக்கிறோம் என்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக, நீ நிஜமாகவே கேட்க வந்த கேள்வி. குண்டடத்துக் காட்டில் போர்வெல் போடலாமா என்று எழுதியிருக்கிறாய். பாயிண்ட் பார்க்கிறவன் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்தான், வடமேற்கு மூலையில் தேங்காய் நிமிர்ந்து நின்றது என்கிறாய். உலகத்து வெப்பமானிகள் அத்தனையையும் நம்பாதவன் ஒரு தேங்காயை நம்புகிறான்! போடாதே. அங்கே கீழே இருப்பது கருங்கல் பாறை. மேலே உள்ள மக்கிய பாறையிலும் வெடிப்பிலும்தான் தண்ணீர் நிற்கும், ஆழம் போகப் போக வெடிப்பு குறையும். உன் அப்பாரு வெட்டின கிணற்றைத் தூர்வாரு. கிழக்குப் பக்கம் பள்ளத்தில் பண்ணைக்குட்டை ஒன்று எடு. காற்று ஒரு டிகிரி சூடானால் 7 சதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். மழை நாலு நாளில் பெய்ய வேண்டியதை ஒரே நாளில் கொட்டிவிட்டு ஓடும் வாய்ப்பு கூடுகிறது. கொட்டும்போது பிடித்து வைக்க இடம் வேண்டும். நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும் குட்டை நிரம்பும்.

ஆடி பிறப்பதற்குள் ஒருநாள் வா. குட்டைக்கு மட்டம் பார்க்க ஆள் என் பொறுப்பு. தேங்காய்க்காரனுக்குக் கொடுத்த அட்வான்ஸைத் திருப்பி வாங்குவது உன் பொறுப்பு. தரமாட்டேன் என்றால் என் பேரைச் சொல், எனக்கு அவன் இன்னும் இரண்டு கிணற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் விசாரிப்பைச் சொல்.

உன்
ஆறுமுகம்