ஐந்தாவது துளை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கண்புரை அறுவை முடிந்து ஒரு வாரம் எதையும் படிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நேற்றுதான், நிலக்கரிச் சுரங்கம் வரப்போகிற இடத்தின் நிலத்தடி அடுக்குகளைக் காட்டி நீ அனுப்பிய குறுக்குவெட்டுப் படத்தை மேசையில் விரித்தேன். கண் தெளிவாகத் தெரிகிறது. உன் மகள் படிப்பு முடித்த செய்தியில் வீடே மகிழ்ந்துபோனது.

படத்துக்கு வருகிறேன். மேலே மணற்பாறை, நடுவே களிப்பாறை, கீழே நிலக்கரி. களிப்பாறை பூட்டுப் போட்டதுபோல் இருக்கிறது, சுரங்கம் வெட்டினாலும் மேலே உள்ள தண்ணீருக்கு ஒன்றும் ஆகாது என்று திட்டக்காரர்கள் சொல்வதாக எழுதியிருக்கிறாய். பாறையைச் சோதிக்கப் போட்ட நாலு துளைகளில் அந்தக் களிப்பாறை கிடைத்திருக்கிறது, சரி. ஐந்தாவது துளைக்குப் பக்கத்தில் "இரண்டு மீட்டர் கோர் வரவில்லை" என்று ஓரமாகக் குறித்திருக்கிறாயே, அந்த வரியை மூன்று தடவை படித்தேன்.

கோர், அதாவது துளையிட்டு எடுக்கும் உருளைப் பாறைத் துண்டு, கைக்கு வராத இடம் பெரும்பாலும் நொறுங்கிய இடம். நொறுங்கிய இடத்தில்தான் தண்ணீருக்கு வழி. ஆய்வகத்துக்கு நீங்கள் அனுப்பியது முழுசாக வந்த துண்டுகளை மட்டும்தானே? பழுதில்லாத களிப்பாறைக்குள் நீர் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே அதிகம், அதனால் வந்த எண்கள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். ஒரு பிளவு குறுக்கே போனால் அந்தக் கணக்கு பல ஆயிரம் மடங்கு மாறிவிடும். அந்தப் பிளவை மட்டும் சோதிக்க முடியாமல் போயிற்று.

நிலக்கரியையும் வெறும் சரக்காகப் பார்க்காதே. அதன் உடம்பெல்லாம் மெல்லிய பிளவுகள். பல இடங்களில் சுற்றியுள்ள பாறைகளைவிட அதுதான் நல்ல நீர்த்தாங்கி. குழி வெட்டி நீரை இறைக்க ஆரம்பித்ததும் அதிலுள்ள அழுத்தம் விழும். இதுவரை கீழிருந்து மேலே தள்ளிக்கொண்டிருந்த நீர், திசை மாறி மேலிருந்து கீழே இறங்கலாம். இறைக்கிற நீர் முதலில் பாறையின் சேமிப்பிலிருந்து வரும், பிறகு ஊற்றுக்கும் ஓடைக்கும் போயிருக்க வேண்டிய பங்கிலிருந்து வரும். அமெரிக்க நீர்நிலவியலாளர் தைஸ் இதை 1940-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டார். மணற்பாறை முடிகிற விளிம்பில், கோடையிலும் வற்றாத ஓடை ஒன்று இருக்கிறது என்கிறாயே, எனக்குக் கவலை அதைப் பற்றித்தான்.

ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தின் கார்மைக்கேல் சுரங்கத்தில் பல ஆண்டுகள் நடந்த வாதமும் இதேதான். சுரங்கத்துக்கு அருகே டூங்மபுல்லா ஊற்றுகள் இருக்கின்றன. வாங்கன், ஜகலிங்கோ மக்களுக்கு அவை புனிதமானவை. ஊற்றுக்கு நீர் தருவது மேலே உள்ள கிளமாட்டிஸ் மணற்பாறையா, நிலக்கரியோடு சேர்ந்த ஆழமான அடுக்குகளா? நடுவில் இருக்கும் ரீவான் அடுக்கு முழுமையாகத் தடுக்குமா? நீர்நிலவியலாளர்கள் ஒத்துப்போகவில்லை. 2019-இல் சுரங்கத்தின் நிலத்தடி நீர் மேலாண்மைத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தபோதும் சந்தேகம் தீரவில்லை.

நானும் ஒரு காலத்தில் இரண்டு துளைகளுக்கு நடுவிலும் அடுக்கு அப்படியே தொடர்கிறது என்று யோசிக்காமல் கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டவன்தான். இறைப்பு தொடங்கிய நாலாவது வருடம் அங்கே ஒரு கிணறு வற்றியது. காரணம் வேறாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கோட்டுக்கு என்னிடம் ஆதாரம் இல்லை. அது இன்னும் மனதில் கிடக்கிறது.

அதனால் கேட்கிறேன். ஐந்தாவது துளைக்குப் பக்கத்தில் இன்னொன்று போடச் சொல். மூன்று அடுக்குக்கும் தனித்தனி பீசோமீட்டர் வை, நீரின் அழுத்தத்தை அளக்கும் கருவி அது. ஒன்றிலேயே எல்லாவற்றையும் அளந்தால் கலந்த எண்தான் கிடைக்கும். நீரை இறைத்து மட்டம் எப்படி இறங்குகிறது என்று பார்க்கும் மூன்று நாள் பம்பிங் டெஸ்டை வைத்து முப்பது ஆண்டு இறைப்பைக் கணிக்க விடாதே. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அளவெடுத்த பிறகு நீரோட்டத்தைக் கணிக்கும் கணினி மாதிரியைப் போடட்டும். ஓடையில் கோடையில் ஓடும் நீரை இப்போதே அளந்து வை, நாளைக்குக் குறைந்தால் காட்ட வேறு சான்று இருக்காது. தாமதம் ஆகிறது என்பார்கள். ஆகட்டும்.

அந்தக் கோர் பெட்டியைப் படம் எடுத்து அனுப்பு. காலியாக விட்ட இடமும் அதில் தெரியட்டும்.

அன்புடன்,
சுந்தரம்