நோயெதிர்ப்பியல் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

ஒட்டுண்ணித் தொற்று பற்றிய பாடங்களில் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவுக்குப் பெரும்பாலும் ஒரு வரிதான் கிடைக்கிறது: மேக்ரோஃபேஜ் (கிருமிகளை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்) அதைச் சுரக்கும், ஒட்டுண்ணி சாகும். அந்த வரியில் பொய் இல்லை. ஆனால் அதை மட்டும் படித்த மாணவர்கள், நைட்ரிக் ஆக்சைடு கூடக் கூட நல்லது என்ற கணக்கோடு ஆய்வகத்துக்கு வருகிறார்கள்.

லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணியையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்டர்ஃபெரான் காமா என்ற நோயெதிர்ப்புச் சைகைப் புரதம் தூண்டியதும் மேக்ரோஃபேஜில் ஐ.என்.ஓ.எஸ். என்ற நொதி உருவாகி, அர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கிறது. இந்த நொதிக்கான மரபணுவை நீக்கிவிட்டால், வழக்கமாகத் தானே குணமாகிவிடும் எலிகளால்கூட லீஷ்மேனியா மேஜர் என்ற இனத்தை அடக்க முடிவதில்லை. சரி, பாடம் இங்கே முடிந்துவிடுகிறது. அதே மேக்ரோஃபேஜில் ஆர்ஜினேஸ் என்ற இன்னொரு நொதியும் அதே அர்ஜினினுக்குப் போட்டியிடுவதை யார் சொல்வது? இன்டர்லூக்கின்-4 என்ற வேறொரு சைகைப் புரதம் ஓங்கும்போது ஆர்ஜினேஸின் கை மேலோங்குகிறது. அர்ஜினின் ஆர்னிதினாகவும் பிறகு செல் வளர்ச்சிக்கு உதவும் பாலிஅமீன்களாகவும் மாறி, ஒட்டுண்ணி பெருகத் துணைபோகிறது. குடல் ஒட்டுண்ணியான ஜியார்டியா செய்வது வேறு: குடலில் உள்ள அர்ஜினினைத் தானே தீர்த்துவிட்டு, குடல் செல்களின் நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியைக் குறைத்துவிடுகிறது.

மாணவர்கள் அறவே கேள்விப்படாத பக்கம் ஒன்றும் உண்டு. ஆப்பிரிக்க ட்ரிப்பனோசோம் (தூக்க நோய் ஒட்டுண்ணி வகை) தொற்றிய எலிகளில், மேக்ரோஃபேஜ்கள் விடும் நைட்ரிக் ஆக்சைடு நோயெதிர்ப்புப் படையைச் சேர்ந்த டி செல்கள் பெருகுவதையே தடுக்கிறது. ரத்தத்தில் திரியும் ஒட்டுண்ணியை அது பெரிதாக எட்டுவதும் இல்லை, ஏனென்றால் ஹீமோகுளோபின் அதை உறிஞ்சிவிடுகிறது. எதிரியை விட்டுவிட்டு நம் படையை முடக்கும் இந்த நிலைமைக்கு ஒரு முழுப் பத்தியாவது ஒதுக்க வேண்டாமா?

கடுமையான மலேரியாவில் சிக்கலே வேறு. சிதைந்த சிவப்பணுக்களிலிருந்து வெளிவந்த ஹீமோகுளோபின் நைட்ரிக் ஆக்சைடை விழுங்குகிறது, ரத்தத்தில் அர்ஜினினும் குறைகிறது. இந்தத் தட்டுப்பாட்டால் ரத்த நாளங்களின் உட்சுவர் தன் வேலையைச் சரிவரச் செய்ய முடியாமல் போகிறது. நைட்ரிக் ஆக்சைடு ஆய்வுக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்ததும் ரத்த ஓட்டத்தில் அது சைகையாக வேலை செய்வதைக் கண்டறிந்ததற்குத்தான்.

அப்புறம், எலியையும் மனிதரையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள். வளர்ப்புத் தட்டில் எலி மேக்ரோஃபேஜ்கள் நைட்ரிக் ஆக்சைடைத் தாராளமாகச் சுரக்கும் சூழலில் மனித மேக்ரோஃபேஜ்கள் மிகக் குறைவாகவே சுரக்கின்றன. மனித லீஷ்மேனியா புண்களில் ஐ.என்.ஓ.எஸ். நொதி தென்பட்டிருப்பதும் உண்மை. இரண்டையும் எழுதுங்கள்.

அடுத்த பதிப்பில் ஐ.என்.ஓ.எஸ்., ஆர்ஜினேஸ் இரண்டையும் ஒரே படத்தில் போடுங்கள். ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் எந்த விலங்கு, எந்தத் திசு, தொற்றின் எந்தக் கட்டம் என்று குறிப்பிடுங்கள். டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் தொற்றில் கட்டம்தான் எல்லாம்: ஐ.என்.ஓ.எஸ். இல்லாத எலிகள் தொடக்கத் தொற்றைத் தாண்டிவிடுகின்றன, பின்னர்தான் மூளையில் ஒட்டுண்ணி பெருகி இறக்கின்றன.

அன்புடன்,
நோயெதிர்ப்பியல் கற்பிக்கும் ஒருவர்