வெள்ளத்துல போனவங்களுக்கு கடனாங்க?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கமுங்க. மேட்டூர்ல உபரித்தண்ணி தொறந்தா எங்க பவானில ஆத்தோர வீட்டுக்காரங்க பாயையும் கேஸ் சிலிண்டரையும் தூக்கிட்டு மண்டபத்துக்கு ஓடுவாங்க, வடிஞ்சப்புறம் சேத்த வழிச்சுப் போடோணும், அதுக்கே பெரும்பாடு. 2022ல பாகிஸ்தான்ல 3.3 கோடிப் பேருக்கு பாதிப்பு, 1,700 பேருக்கு மேல செத்தாங்க, அங்க சிந்து மாகாணத்துல பருத்தி அழுகிப்போச்சு (பஞ்சு வெலையில பொழைக்கற நமக்கு அது புரியுமுங்க). பூமியச் சூடாக்கி இப்பிடிப் பேய்மழைய அதிகமாக்கற, உலகம் வுடற புகையில அவங்க பங்கு ஒரு சதவீதங்கூட இல்லீங்க. ஆனா 2023 ஜனவரில ஜெனீவால உலக நாடுகளும் வங்கிகளும் கூடி அவங்களுக்கு உதவின்னு அறிவிச்ச பணத்துல முக்காவாசிக்கு மேல கடனு. அத கட்டறதுக்குள்ள 2025ல மறுபடி வெள்ளம். புகை வுட்ட பணக்கார நாடுக திருப்பிக் கேக்காத பணமாக் குடுக்கோணும், நம்ம அரசும் அதயே பேசோணுமுங்க.

ஒரு வாசகர், பவானி