கேம்ப்புக்கு வர முடியாத முதியோருக்கு வீட்டிலேயே கண் பரிசோதனை செய்யக் கோரி மனு

அனுப்புநர்:
கிராமப் பொதுமக்கள்,
இளையான்குடி வட்டம், சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
சிவகங்கை.

பொருள்: நடமாட முடியாத முதியோருக்கு வீடு தேடிக் கண் பரிசோதனை – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். என் அப்பத்தாவுக்குக் கண் மங்கத் தொடங்கியபோது, "புரைதான், நல்லா முத்தட்டும், அப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கலாம்" என்று வீட்டில் நாங்களே தள்ளிப்போட்டோம். கடைசியில் கூட்டிப்போனபோது, புரையோடு கண் அழுத்த நோயும் இருந்து நரம்பு பட்டுப்போயிருந்தது. புரையில் மங்கிய பார்வையை லென்ஸ் வைத்து மீட்டுவிடலாம். கண் அழுத்தத்தில் போனது போனதுதான். இன்று குரலை வைத்துத்தான் எங்களை அடையாளம் காண்கிறார்.

நம் நாட்டில் 2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி, 50 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய 100-க்கு 2 பேர் பார்வையற்றவர்கள். அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் காரணம் கண்புரை. அதாவது, சரிசெய்யக்கூடிய ஒன்றால்தான் பெரும்பாலோர் இருட்டில் இருக்கிறார்கள்.

இலவச கேம்ப்புகள் நடக்கின்றன, நன்றி. ஆனால் அங்கே வருபவர்கள் நடக்க முடிந்தவர்கள், கூட்டிவர ஆள் உள்ளவர்கள். பிள்ளைகள் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்க, தனியாகக் கஞ்சி காய்ச்சிக் குடிக்கும் பாட்டிகளை யார் கூட்டிவருவது? "ஒரு கண்ணு தெரியுதுல்ல, போதும்" என்று அவர்களும் இருந்துவிடுகிறார்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரையோடு ஊழியர்கள் இதே வீடுகளுக்குத்தான் வருகிறார்கள். அவர்களிடம் ஒரு கண் பரிசோதனை அட்டையும் சிறிது பயிற்சியும் கொடுத்தால் போதும். 3 மீட்டர் தூரத்தில் காட்டும் விரல்களை எண்ண முடியாதவர் யார் யார் என்று ஊர்வாரியாகப் பட்டியல் கிடைத்துவிடும். பட்டியலில் உள்ளவர்களை ஊருக்கே வண்டி அனுப்பி அழைத்துச் செல்லவும், துணைக்கு மகளிர் குழுவிலிருந்து ஒருவர் உடன்போகவும் ஏற்பாடு செய்யக் கேட்டுக்கொள்கிறோம். கண் அழுத்தமும், சுகர் உள்ளவர்களுக்கு விழித்திரையும் அன்றே பார்க்கப்பட வேண்டும். புரை என்று நினைத்துக் காத்திருந்து நாங்கள் ஏமாந்ததுபோல் இன்னொரு வீடு ஏமாறக்கூடாது.

முதலில் எங்கள் வட்டத்தில் ஒரு ஊராட்சியிலாவது இதைத் தொடங்கி வைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம். வீடு வீடாகக் கூட வர எங்கள் ஊர் இளைஞர்கள் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
கிராமப் பொதுமக்கள் சார்பாக
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)