அசனத்துக்கு முன் மகளுக்கு எழுதியது

அன்பு மகளுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. தம்பி புதுவீட்டுக்குத் தளம் போட்டுவிட்டான். அத்தை வந்து சில நாள் தங்கிவிட்டுப் போனாள். இவற்றையெல்லாம் விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அத்தை சொல்லிப்போன ஒரு செய்திக்குப் பிறகு வேறு எதிலும் மனம் நிலைக்கவில்லை. தொலைபேசியில் கேட்டால் ஆராதனைக்கு நேரமாகிறது என்று வைத்துவிடுகிறாய். கடிதமென்றால் கடைசி வரை படிப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

போன வாரம் பால் எங்கே வாங்குகிறாய் என்று கேட்டேன். கடையில் பாக்கெட் வாங்குவதாகச் சொன்னாய். நீ போதகராகக் குருமனைக்குக் குடிவந்த நாளிலிருந்து வாசலில் வந்து பால் ஊற்றியவர் இப்போது ஏன் வருவதில்லை என்று நான் கேட்கவில்லை; நீயும் சொல்லவில்லை. மருமகப்பிள்ளை சனிக்கிழமைதான் வருகிறார் என்பதும், குருமனையைச் சுற்றி வேறு வீடில்லை என்பதும் எனக்குத் தெரியும். பின்வாசல் தாழ்ப்பாள் சரியில்லை என்று அப்பா அப்போதே சொன்னார். அதை முதலில் மாற்று.

சபையார் கூடி உண்ணும் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை அசனத்தை இந்த ஆண்டு ஒரே பந்தலில் வைப்பதாக அறிவித்திருக்கிறாயாம். இதுவரை நம் நாடார் ஆட்களான மேலத் தெருக்காரர்கள் ஆலய வளாகத்தில் பந்தி போட்டுச் சாப்பிடுவார்களாம். தாழ்த்தப்பட்டவர்கள் வாழும் கிழக்குத் தெருவுக்கு உரிய சோறும் குழம்பும் அண்டாவில் ஏற்றி அவர்களுடைய சிற்றாலயத்துக்கு அனுப்பப்படுமாம். முதியவர்கள் அவ்வளவு தூரம் நடக்க வேண்டாமே என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது என்று உன் கமிட்டியில் சொல்கிறார்களாம். காணிக்கையும் சங்கச் சந்தாவும் கொடுப்பதற்கு அதே முதியவர்கள் நடந்துதானே வருகிறார்கள்? இதை நீ கேட்டாய் என்று அத்தை சொன்னபோது, அவள் குறையாகச் சொன்னாள். எனக்கோ பெருமையாக இருந்தது. தென்னிந்தியத் திருச்சபை முதன்முதலாக ஒரு பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தது 1976-ல்தான். அதற்கு முன் பிறந்திருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்கும் இடத்தில் நீ நின்றிருக்கவே முடியாது. பேராயர் உன் தலையில் கைவைத்த நாளில்கூட எனக்கு இவ்வளவு நிறைவு உண்டாகவில்லை.

ஆனால் இதை நான் அத்தை வாயால் ஏன் கேட்க வேண்டும்? கமிட்டியில் குரலை உயர்த்தினாயாம். ஆலயத்தில் கல்யாண ஓலை வாசிக்கிற வேளையில் இந்த அறிவிப்பையும் வாசித்துவிட்டு, யாரிடமும் பேசாமல் குருமனைக்குள் போய்விட்டாயாம். செய்தது சரி, செய்த விதம்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. கல்கத்தாவின் பேராயர் டேனியல் வில்சன் 1833-ல் சபைகளில் சாதி வேற்றுமை உடனடியாகவும் உறுதியாகவும் முடிவாகவும் ஒழிய வேண்டுமென்று சுற்றறிக்கை அனுப்பியதை நீ பரீட்சைக்காகப் படித்தவள். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் அதை வாசித்ததும் எத்தனை குடும்பங்கள் ஆலயத்தைவிட்டு வெளியேறின! நாம் இன்றும் உருகிப் பாடும் கீர்த்தனைகளைத் தந்த வேதநாயகம் சாஸ்திரியாரே அந்நாளைய மிஷனெரிமாரின் சாதி எதிர்ப்பை மறுத்து எழுதியவர் என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். அவருடைய பக்தியில் குறை சொல்ல முடியாது. அவ்வளவு பக்தியும் திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் குடிப்பதற்குப் போதவில்லை என்றால், உன் கமிட்டியார் ஓர் ஓலை வாசித்ததும் மாறிவிடுவார்கள் என்று எப்படி எதிர்பார்த்தாய்?

இதை எழுதும்போதே நீ என்ன பதில் சொல்வாய் என்பதும் தெரிகிறது. பொறுமையாயிரு என்றால் எத்தனை காலம், யாருடைய பொறுமை என்று கேட்பாய். அந்தக் கேள்விக்கு என்னிடம் மறுப்பில்லை. தரங்கம்பாடிக்கு மிஷனெரி சீகன்பால்க் வந்தது 1706-ல். முதல் இந்தியப் போதகராக ஆரோன் அபிஷேகம் பெற்றது 1733-ல். தஞ்சாவூர்ச் சீமையில் அடியும் மிரட்டலும் தாங்கி உபதேசியாராக உழைத்த இராஜநாயக்கனுக்கு அந்தக் குருப்பட்டம் கிடைக்கவில்லை. ஆரோன் வேளாளர், இராஜநாயக்கன் பறையர். இராஜநாயக்கனின் கையிலிருந்து திருவிருந்தை மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் வாங்கமாட்டார்கள் என்று மிஷனெரிமாரே கருதினார்கள். சபை சிதறக் கூடாது என்றுதான் அவர்களும் பொறுமை காத்தார்கள். அந்தப் பொறுமைக்கான விலையை முழுவதும் இராஜநாயக்கன் ஒருவரே கொடுத்தார். ஆகையால் அசனத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடு என்று நான் சொல்லமாட்டேன். தேதி மாறக் கூடாது. தேதிக்கு முன்னால் வீடு வீடாகப் போ என்பதுதான் என் சொல்.

வீடு வீடாக என்றால் இரண்டு தெருவிலும்தான். கிழக்குத் தெருவுக்குப் போவது உனக்கு எளிது. அங்கே உன்னை வரவேற்பார்கள். மேலத் தெருவுக்குப் போ. பால் ஊற்றியவர் வீட்டுக்கு முதலில் போ. அவர் மனைவிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று நீதான் எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு போய்ப் பார்த்து ஜெபித்தாயா? அசனத்தைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் பேசாதே. நம்முடைய வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, 1910-ல் எடின்பரோ மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனெரிமாரைப் பார்த்து, உடைமைகளையும் உடலையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். இரண்டாண்டு கழித்து தோர்ணக்கல்லுக்குப் பேராயராகி, தெலுங்கு நாட்டில் மாலா, மாதிகா என்னும் தாழ்த்தப்பட்ட மக்கள் நடுவிலே தம் உழைப்பைச் செலவிட்டார். நண்பர்கள் வேண்டும் என்று கேட்டவர் தாமும் நண்பராகப் போனார். இதற்கு நேர்மாறாக, 1840-களில் மதுரைப் பக்கத்து மிஷனில், தாழ்த்தப்பட்டவர் சமைத்ததை உண்ணாத உபதேசியாருக்கு வேலையில்லை என்று உணவையே பரீட்சையாக வைத்தார்கள். பலர் வேலையை விட்டார்கள். அந்தப் பரீட்சையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பரீட்சையில் தேறுவதற்காகச் சாப்பிட்டவன் மறுநாள் அந்த வீட்டு வாசலை மிதித்தானா என்பதே என் கேள்வி.

நம் ஆட்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள், அதை நீ பிரசங்கத்தில் சொல்ல வேண்டும். ஆச்சி பிறந்த மயிலாடிப் பக்கத்தில் சுவிசேஷத்தை முதலில் கொண்டுவந்தவர் யார்? மகாராசன் வேதமாணிக்கம். தாழ்த்தப்பட்ட சாம்பவர் குலத்தவர். தஞ்சாவூரில் கிறிஸ்துவை அறிந்து ஊர் திரும்பி, தம் ஜனத்துக்கு ஒரு போதகர் வேண்டுமென்று கேட்டுக் கேட்டு, மிஷனெரி ரிங்கல்தவ்பை 1806-ல் வரச் செய்தவர். 1809-ல் அங்கே எழுந்த ஆலயம்தான் தெற்குத் திருவிதாங்கூரின் முதல் புராட்டஸ்டன்ட் ஆலயம். நாடார் குடும்பங்கள் திரளாக வந்து சேர்ந்தது அதற்குப் பின்னால். நம் பெண்கள் தோளில் சீலை போட்டதற்காக அடிபட்டதும், 1859-ல் மன்னர் பிரகடனம் வந்த பிறகே எல்லா நாடார் பெண்களுக்கும் மார்பை மறைத்துக்கொள்ளும் உரிமை கிடைத்ததும் ஆச்சி உன்னை மடியில் வைத்துச் சொன்ன கதைகள்தான். வடக்கன்குளத்தில் கத்தோலிக்கக் கோயிலையே கால்சட்டை போல இரண்டு கிளையாகக் கட்டி, பீடம் ஒன்றாகவும் ஜனம் இரண்டாகவும் இருக்கும்படி சுவர் வைத்தார்கள்; அதில் வேளாளருக்கு ஒரு பக்கம், நாடாருக்கு மறுபக்கம். 1910-ல் ஆயர் அந்தச் சுவரை இடிக்கச் செய்தார். வேளாளர் வழக்குத் தொடுத்து சென்னை உயர் நீதிமன்றம் வரை போயும் தோற்றார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் நிறுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, இன்னொருவரை நிறுத்த எப்படி மனம் வருகிறது? இதை நினைக்கும்போது எனக்குத் தூக்கம் வருவதில்லை.

கிழக்குத் தெருப் பிள்ளைகளைப் பற்றி இன்னொன்றும் உன் கமிட்டிக்குத் தெரிய வேண்டும். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி என்ற தகுதி உண்டு. 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் அதைத் திறந்துவிட்டார்கள், கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. கிறிஸ்தவத்தில் சாதி இல்லையே என்பது அவர்கள் சொல்லும் காரணம். அதனால் சான்றிதழில் ஒரு பெயரும் ஞானஸ்நானத்தில் ஒரு பெயருமாக வாழ்கிற குடும்பங்கள் எத்தனை! ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆலயத்துக்கு வருவதையே மறைக்க வேண்டியிருக்கிறது. அரசாங்கம் சபையில் சாதி இல்லை என்று சொல்லி அவர்களுடைய உரிமையை நிறுத்துகிறது. சபையோ அவர்களுடைய சோற்றை அண்டாவில் ஏற்றித் தனியே அனுப்புகிறது. இவ்வளவுக்கும் பிறகு கிறிஸ்துவை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்களே, அந்த விசுவாசத்தின் முன்னால் நீயும் நானும் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

அசனத்தன்று செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதல் பந்தியில் நீ உட்கார வேண்டும். குருவானவர் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுவது தாழ்மை என்று நீ நினைப்பாய். மற்ற ஆண்டுகளில் அது சரி. இந்த ஆண்டு முதல் பந்தியில், கிழக்குத் தெரு முதியவர்களுக்கு நடுவில் உட்கார். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்துவிட்டு, யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் எழுந்து விலகினாரே, அதைப் பவுல் முகமுகமாய் எதிர்த்தாரே, அந்த இடம் உனக்குத் தெரியும். கொர்நேலியு வீட்டுக்குத் துணிந்து போன அதே பேதுருதான் அது. தரிசனம் கண்டவனுக்கே, பார்க்கிறவர்கள் வந்தவுடன் கால் தடுமாறுகிறது. திருமண்டல அலுவலகத்திலிருந்து யாராவது வந்து, உள்ளே ஒரு மேசை போட்டிருக்கிறது, அம்மா அங்கே வாருங்கள் என்று கூப்பிடுவார்கள். எழுந்திருக்காதே. இலையை மூடிவிட்டுப் போகாதே. முதல் பந்தியில் உட்கார்ந்து கடைசி வரை சாப்பிட்டு எழுந்திரு.

அடுப்படியையும் கவனி. பந்தலை ஒன்றாக்கிவிட்டு, சமைக்கிறவர்கள் மட்டும் பழைய ஆட்களே என்றால் பாதிதான் நடந்திருக்கிறது. சாப்பிட வாருங்கள் என்று அழைப்பதில் மேலத் தெருவுக்குப் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. கொடுக்கிறவர் கை மேலேயே இருக்கும். கிழக்குத் தெரு அம்மாமார் காய் நறுக்கவும், சோறு வடிக்கவும், கரண்டி பிடித்து மேலத் தெருக்காரர் இலையில் பரிமாறவும் வேண்டும். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் நீ படித்த காலத்தில், தியோபிலஸ் அப்பாவு ஐயா விட்டுச்சென்ற ஒரு உலை என்ற எண்ணத்தைப் பற்றி விடுமுறையில் மணிக்கணக்காகப் பேசுவாய்: வீட்டுக்கு வீடு அரிசி கொண்டுவந்து ஒரே உலையில் போட்டால், வெந்த பிறகு எவர் அரிசி எதுவென்று பிரிக்க முடியாது, அதுவே திருவிருந்து என்று. ஆட்டுக்கறி செலவைக் கமிட்டி நிறுத்திவிட்டால் நிறுத்தட்டும். அரிசியும் கத்திரிக்காயும் இரண்டு தெருவிலிருந்தும் வந்தால் அசனம் அசனம்தான்.

இது வெறும் சோற்றுப் பிரச்சினை, இதற்காகச் சபையை உடைக்கலாமா என்று உன்னிடம் சொல்வார்கள். அத்தையும் அதைத்தான் சொன்னாள். கொரிந்து சபையில் ஒருவன் பசியாயிருக்க ஒருவன் வெறித்திருந்தபோது, இது கர்த்தருடைய இராப்போஜனம் அல்ல என்று பவுல் எழுதினார். சபை உடைந்துதான் கிடக்கிறது என்றும், அசனம் நடக்கும் நாளில் மட்டும் அது வெளியே தெரிகிறது என்றும் அத்தையிடம் சொன்னேன். அவள் பதில் பேசவில்லை. அவளுக்கும் நீ என்றால் உயிர்தான். ஊராரிடம் உன்னைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறவளும் அவளே. பயத்தில் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

இடமாற்றம் என்று பேச்சு அடிபடுவதாகவும் கேள்விப்பட்டேன். வந்தால் வரட்டும். ஆனால் நீயாகக் கேட்டு வாங்காதே. கோபத்தில் எழுதிக் கொடுத்துவிடாதே. எழுதத் தோன்றினால் முதலில் எங்களைக் கூப்பிடு. இரவு எந்த நேரமானாலும் கூப்பிடு. வேளைக்குச் சாப்பிடு, வெறும் தேநீரோடு ஆராதனைக்குப் போகாதே. மேலத் தெருவுக்குப் போ என்று சொன்னேனே, தனியாகப் போகாதே. உபதேசியாரையோ பெண்கள் ஐக்கியத்தில் ஒருவரையோ கூட்டிக்கொண்டு போ.

அசனத்துக்கு நானும் அப்பாவும் வருகிறோம். சனிக்கிழமை மதியம் புறப்பட்டு, காய் நறுக்கும் நேரத்துக்குள் வந்துவிடுவோம். கிழக்குத் தெரு அம்மாமாரோடு எனக்கும் ஒரு பலகை போட்டுவை. அரிவாள்மணையும், அப்பா வாங்கி வைத்திருக்கிற தாழ்ப்பாளும் இங்கிருந்தே கொண்டுவருகிறோம். அத்தையையும் அழைத்திருக்கிறேன், வருவதாக இன்னும் சொல்லவில்லை. அவளுக்கும் முதல் பந்தியில் உன் அருகே ஓர் இலை போடச் சொல்.

அன்புடன்,
அம்மா